பூனை டாரட் கட்டை வாசிக்கப் பழகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

டாரட் என்பது 78 பட அட்டைகள் கொண்ட சீட்டுக்கட்டு. ஒரு கேள்வியை வைத்து அட்டை எடுத்து, விழுந்த படத்துக்குப் பொருள் சொல்வதைத்தான் வாசிப்பது என்கிறார்கள். பூனைப் படம் போட்ட டாரட் சீட்டுக்கட்டை ஆசையாக வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அட்டையில் ஒரு பூனை ஜன்னலோரம் சுருண்டு படுத்திருக்கும். கூட வந்த கையேடு 'இழப்பு, ஏக்கம்' என்று சொல்லும். படத்துக்கும் சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் கையேட்டை மனப்பாடம் செய்ய ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளில் கட்டு அலமாரிக்குள் போய்விடும்.

சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அது அட்டையில் வெளிப்படையாகத் தெரியாது. இந்தக் கட்டுகளில் ஒவ்வொரு படமும் இரண்டு அடுக்கு. அடியில் மனிதர்களை வைத்து வரைந்த பழைய டாரட் காட்சி. மேலே பூனை என்ற பிராணியின் இயல்பு. இரண்டும் ஒத்துப்போகும் அட்டைகளில் சிக்கல் கிடையாது. இரண்டும் மோதும் அட்டைகளில்தான் பழகுபவர் தடுமாறுகிறார், சுவாரசியமும் அங்கேதான். அந்த மோதலைக் கண்டுபிடித்து வாசிக்கும் வரிசைதான் கீழே இருப்பது.

டாரட் எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் வரையில் இது ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு நம் பிரச்சினையை யோசிக்கும் பழக்கம். அந்த அளவில் எழுதியிருக்கிறேன்.

1. கட்டு எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

வகை தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வாசிக்கும் முறை வகைக்கு வகை மாறும்.

பெரும்பாலான பூனைக் கட்டுகளுக்கு அடிப்படை, 1909-ல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. இனி இதை ரைடர் கட்டு என்றே சொல்கிறேன். அதற்கு முந்தைய பிரெஞ்சு பாணியான மார்செய் கட்டுகளில் கோப்பை 5 (கோப்பைத் தொகுதியின் ஐந்தாம் அட்டை) என்றால் ஐந்து கோப்பைகள் மட்டும் வரிசையாக இருக்கும். ரைடர் கட்டில் எண் அட்டைகளுக்கும் ஒரு முழுக் காட்சி உண்டு. பூனைகளை நுழைக்க வசதியாக இருப்பது இந்தக் காட்சிகள்தான்.

உங்கள் கட்டிலிருந்து கோப்பை 5-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். மூன்று கோப்பை கவிழ்ந்து, இரண்டு நிமிர்ந்து நிற்க, தலை குனிந்து ஒரு பூனை நின்றால், அது மனிதர் இடத்தில் பூனையை வைத்த கட்டு. இத்தாலியின் லோ ஸ்கராபியோ வெளியிட்ட ஒயிட் கேட்ஸ் டாரட் இந்த வகை. கோப்பையே இல்லாமல் ஒரு பூனை தன் பாட்டுக்குப் பூனையாக இருந்தால், அது இயல்பு வகை. கேட்ஸ் ஐ டாரட்டை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம்.

மூன்றாவது வேஷக் கட்டு. பிராக் நகரில் உருவான பரோக் பொஹீமியன் கேட்ஸ் கட்டில், நிஜப் பூனைகளின் புகைப்படங்களுக்கு உடையும் நகையும் போட்டு அந்த ஊர்ப் பின்னணியில் வைத்திருப்பார்கள். பார்க்க அபாரம். ஆனால் பழகுவதற்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பட்டு அங்கிக்குள் வாலும் முதுகும் மறைந்துவிடும். ஐந்தாம் படியில் நமக்கு அவைதான் வேண்டும்.

முதல் கட்டு என்றால் மனிதர் இடத்தில் பூனை இருக்கும் வகையே நல்லது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் கள்ளப் பதிப்பாக இருக்கலாம். அவற்றில் கையேடு இருக்காது, ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், நிறம் மங்கியிருக்கும். ஓரத்தில் நிற்கும் சின்னப் பொருள்கள்கூட இங்கே முக்கியம் என்பதால் வெட்டுப்பட்ட அட்டை வாசிப்பையே கெடுக்கும்.

2. உட்காரும் முன் தேவையானவை

ரைடர் கட்டு ஒன்று, அல்லது அதன் 78 படங்கள். பமீலா 1951-ல் காலமானார். 1909-ன் மூலப் படங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்து, இன்று அவை பொதுவுடைமை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபோனில் வைத்துக்கொண்டாலும் போதும், ஆனால் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவான படங்களாக இறக்குங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு. இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு இடம். நல்ல வெளிச்சம், ஏனென்றால் இரவுக் காட்சிகளில் கறுப்புப் பூனையின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மங்கல் வெளிச்சத்தில் தெரியாது.

ஸ்படிகம், பட்டுத் துணி, பௌர்ணமி இரவு எதுவும் தேவையில்லை. வீட்டில் நிஜப் பூனை இருந்தால் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். விரித்த அட்டைகளின் மேல் வந்து உட்காராத பூனையை நான் இன்னும் பார்க்கவில்லை.

3. கலைக்காதீர்கள், முதலில் பிரித்து அடுக்குங்கள்

புதுக் கட்டைத் திறந்ததும் கை தானாகக் கலைக்கப் போகும். வேண்டாம். வரிசையாக இருக்கும்போதுதான் ஓவியரின் திட்டம் தெரியும்.

மேஜர் ஆர்கானா 22 அட்டை: ஃபூல் தொடங்கி வேர்ல்ட் வரை. மைனர் ஆர்கானா 56: கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு தொகுதி, தொகுதிக்கு 14. அதில் ஏஸ் முதல் 10 வரை எண் அட்டைகள், மீதி நான்கும் பேஜ், நைட், ராணி, ராஜா என்ற அரசவை அட்டைகள். எண்ணிப் பாருங்கள், அட்டை குறைந்தால் கடைக்காரரிடம் இப்போதே சொல்லலாம்.

இரண்டு இடங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ஸ்ட்ரெங்த் அட்டை எத்தனையாவது? ரைடர் வரிசையில் 8, ஜஸ்டிஸ் 11. மார்செய் வரிசையில் இது தலைகீழ். எண்ணைப் பார்த்துப் பொருள் தேடுகிறவர்கள் இங்கே அட்டையை மாற்றிப் படித்துவிடுவார்கள்.

இன்னொன்று அரசவை. பேஜ், நைட் என்ற பெயர்களுக்குப் பதிலாகச் சில கட்டுகளில் குட்டி, கடுவன் என்று இருக்கும். யார் யாருக்குப் பதில் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு முறையும் கையேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.

4. ரைடர் அட்டையைப் பக்கத்தில் வையுங்கள்: எது நின்றது, எது போனது, எது புதிதாக வந்தது

மொத்த வேலையில் பாதி இந்தப் படிதான். இதைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் 'பூனைக் கட்டு அழகாக இருக்கிறது, ஆனால் பேசவில்லை' என்று சொல்வார்கள்.

இடப்பக்கம் ரைடர் அட்டை, வலப்பக்கம் பூனை அட்டை. மூன்று கேள்விகளுக்கும் மூன்று வரி எழுதுங்கள். பொருள் எழுத வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும். பொருளுக்கு அவசரப்பட்டால் கையேட்டின் வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும், படம் கண்ணிலிருந்து போய்விடும்.

கோல் ராணியில் தொடங்குவது நல்லது. ரைடர் கட்டில் இவள் ஒரு கையில் கோலும் மறு கையில் சூரியகாந்தியும் வைத்துச் சிங்கம் செதுக்கிய சிம்மாசனத்தில் இருக்கிறாள். காலடியில் ஒரு கறுப்புப் பூனை நம்மை நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவள் வெளியே காட்டும் வெயில் முகத்துக்கு அடியில் உள்ள இன்னொரு குணம், தன்னிச்சையும் உள்ளுணர்வும், அந்தப் பூனையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சரி, இப்போது ராணியே பூனை. காலடிப் பூனை எங்கே போனது? சில ஓவியர்கள் ராணியையே கறுப்புப் பூனையாக்கிவிடுவார்கள். மறைந்திருந்த குணம் சிம்மாசனத்தில் ஏறிவிட்டது என்று பொருள். காலடியில் வேறொரு சின்னப் பிராணியை வைத்தால் அந்தப் பிராணியின் குணத்தைப் பாருங்கள். காலடி காலியாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ராணிக்கு நிழல் இல்லை.

அடுத்து ஸ்ட்ரெங்த். வெள்ளை உடைப் பெண் ஒருத்தி சிங்கத்தின் வாயை மென்மையாகப் பிடித்திருப்பாள். மனுஷிக்கும் மிருகத்துக்கும் உள்ள தூரம்தான் மூலப் படத்தின் அச்சாணி. பூனையும் சிங்கமும் ஒரே குடும்பம். ஆகவே பூனைக் கட்டில் இந்த அட்டை அந்நியனை அடக்குவது பற்றிப் பேச முடியாது. தனக்குள் இருக்கும் பெரிய உருவத்தோடு பழகுவது பற்றித்தான் பேசும். கோபத்தை எப்படி அடக்குவது என்று கேட்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஃபூல் அட்டையைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். மூலத்தில் பாறை விளிம்பில் மேலே பார்த்தபடி நடக்கும் இளைஞன், காலருகே ஒரு வெள்ளை நாய். பார்க்கும் நமக்குத்தான் பதற்றம். விளிம்பில் பூனையை நிறுத்தினால் அந்தப் பதற்றம் கிளம்பாது, ஏனென்றால் விளிம்பில் நடப்பது பூனைக்குத் தினசரி வேலை. எனவே ஓவியர் அபாயத்தை வேறு எங்காவது வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள்: கிளை முறியப் போகிறதா, பட்டாம்பூச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறதா, குட்டியா. எங்குமே வைக்கவில்லை என்றால் அந்தக் கட்டில் ஃபூல் எச்சரிக்கை அட்டை கிடையாது, துணிச்சல் அட்டை.

ஹேங்டு மேனில் எதிர்த் திசையில் நடக்கும். ரைடர் கட்டில் ஒற்றைக் காலில் தொங்குபவன் முகம் சாந்தமாக இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளி. அவன் விரும்பித் தொங்குகிறான் என்று முகம் சொல்கிறது. பூனையை அப்படிக் கட்டித் தொங்கவிட்டு வரைந்தால் பார்க்கச் சகிக்காது. அதனால் பல ஓவியர்கள் கயிற்றை எடுத்துவிட்டுக் கிளையிலோ நாற்காலி விளிம்பிலோ தலைகீழாகத் தொங்கி விளையாடும் பூனையை வைப்பார்கள். தியாகம் என்ற பொருள் அங்கே மெலிந்துவிடும், வேறு கோணத்தில் பார்ப்பது என்பது மட்டும் மிஞ்சும். கையேடு தியாகம் என்று சொன்னாலும் படத்தில் இல்லாததை வலிந்து ஏற்றாதீர்கள்.

இன்னும் இரண்டு அட்டை, சுருக்கமாக. கோப்பை பேஜில் ஓர் இளைஞன் கையிலுள்ள கோப்பையிலிருந்து மீன் எட்டிப் பார்க்கும். மனிதனுக்கு அது ஆச்சரியம், பூனைக்கு அது சாப்பாடு. வியந்து பார்க்கும் குட்டியா, நாக்கைச் சுழற்றும் குட்டியா என்பதில் அட்டை இரண்டாகப் பிரியும். நாணயம் 9-ல் தோட்டத்தில் நிற்கும் பெண்ணின் கையில் கண்மூடி போட்ட வேட்டைப் பறவை உண்டு. பூனையின் பக்கத்தில் பறவை நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அது சாதாரணச் செல்வம் இல்லை. பசி தீர்ந்தவரின் நிதானம்.

ஒரே நாளில் 78-ஐயும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் நான்கைந்து அட்டைக்கு மேல் போனால் மூன்று வரியும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவோம்.

5. பூனையின் உடலை வாசியுங்கள்: வாலிலிருந்து தொடங்கி

ஏன் வால்? ஓவியர்கள் முகத்தில் மனித உணர்ச்சியை ஏற்றிவிடுவார்கள். சிரிக்கும் பூனை, அழும் பூனை எல்லாம் அங்கேதான் வரும். வாலில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. அதனால் வால், முதுகு, காது, கடைசியாகக் கண் என்ற வரிசையில் போங்கள்.

வால் நேராக நிமிர்ந்து நுனி லேசாக வளைந்திருந்தால் நட்பான வரவேற்பு. குட்டி தாயை நோக்கி ஓடும்போது தூக்கும் வால் அது. பக்கவாட்டில் வீசி அடிக்கும் வால் எரிச்சல்; நாயின் வாலாட்டலோடு இதைக் குழப்பிக்கொண்டு 'சந்தோஷமாக இருக்கிறது' என்று வாசிப்பவர்கள் உண்டு. உடலோடு ஒட்டிச் சுற்றிய வால், விலகி இருக்க நினைப்பது. மயிர் சிலிர்த்துப் பருத்த வால் பயம்.

வில்லாக வளைந்த முதுகைத்தான் அதிகம் தவறாக வாசிக்கிறார்கள். ஹாலோவீன் படங்களைப் பார்த்துப் பழகியதால் முதுகை வளைத்து மயிர் சிலிர்த்த பூனை என்றால் வன்மம் என்று நினைப்போம். அந்தப் பூனை பயந்திருக்கிறது. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளப் பார்க்கிறது. கோல் 9-ல் தலையில் கட்டுப் போட்டவன் கோலைப் பிடித்துக் காவல் நிற்கும் காட்சியில் இந்த முதுகு வந்தால், அங்கே சண்டைக் குணத்தைவிட அடிபட்டவரின் அச்சமே பெரிது.

காது முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனம். பக்கவாட்டில் சாய்ந்தால் கலக்கம் அல்லது எரிச்சல். தலையோடு ஒட்டிப் படிந்தால் நல்ல பயம். நெருங்கினால் நகம் வரும்.

கண்ணில் கருமணி விரிந்திருப்பதற்குக் குறைந்தது மூன்று காரணம் இருக்கலாம்: இருட்டு, பயம், வேட்டைக் குஷி. படத்தில் இரவா பகலா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாதி மூடிய கண் சோம்பல் மட்டும் இல்லை. மெதுவாகக் கண் சிமிட்டுவது நம்பிக்கையின் அடையாளம். 2020-ல் பிரிட்டனின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்களைப் பார்த்து மெதுவாகக் கண் சிமிட்டிய மனிதரிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்ததைப் பதிவு செய்தார்கள். ஹை பிரீஸ்டஸ் அட்டையில் பாதி மூடிய கண் இருந்தால் மர்மம் என்று மட்டும் எழுதாதீர்கள். 'இவள் உங்களை நம்புகிறாள்' என்றும் ஒரு வாசிப்பு இருக்கிறது.

வயிற்றைக் காட்டிப் படுத்த பூனையைப் பார்த்ததும் எல்லோருக்கும் மனம் இளகும். நிதானமான உடலும் தளர்ந்த பாதமும் இருந்தால் நம்பிக்கைதான், ஆனால் தொடு என்ற அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு பாதமும் மேலே உயர்ந்து நகம் தெரிந்தால் அது தற்காப்பு. நாணயம் 10 போன்ற குடும்ப அட்டைகளில் முதலாவது வரும். வாள் 5 போன்ற தகராறு அட்டையில் இரண்டாவது வந்தால், தோற்றவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

உடலை வாசித்த பிறகு நாலாம் படியில் எழுதிய மூன்று வரிக்குக் கீழே நாலாவது வரி: காட்சியும் உடலும் ஒத்துப்போகின்றனவா, மோதுகின்றனவா? டவர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னல் வெட்டி, கிரீடம் பறந்து, இருவர் தலைகுப்புற விழுவார்கள். பூனை விழும்போது காற்றிலேயே உடலைத் திருப்பிக் கால் ஊன்றும். படத்தில் பூனைகள் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தால் காட்சி அழிவு என்கிறது, உடல் பிழைத்துவிடுவேன் என்கிறது. மோதல். இந்த அட்டையைக் கொட்டை எழுத்தில் குறித்து வையுங்கள், பின்னால் இதுதான் அதிகம் உதவும்.

6. நான்கு தொகுதிகளை ஒரே மூச்சில் பாருங்கள்

கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம் என்பது வழக்கமான பொருத்தம். தொகுதியின் 14 அட்டைகளையும் வரிசையாகப் பரப்பி ஓவியர் அந்தப் பூதத்தை எப்படிக் காட்டுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

இடறும் தொகுதி கோப்பை. நீர் உணர்ச்சியைக் குறிக்கும், பூனைக்கோ பொதுவாக நனைவது பிடிக்காது. நல்ல ஓவியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள்: கரையில் நின்று பாதத்தை மட்டும் நனைக்கும் பூனை, தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கும் பூனை. எந்த அட்டையில் பூனை உண்மையிலேயே தண்ணீருக்குள் இறங்குகிறது என்று தேடுங்கள். அந்தத் தொகுதியின் மையம் அங்கே இருக்கும். மற்ற மூன்று தொகுதிகளில் இந்த அளவுக்குச் சிக்கல் வராது.

7. நிறத்துக்கும் சகுனத்துக்கும் கடைசி இடம்

பூனை குறுக்கே போனால் போகிற காரியம் நடக்காது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கறுப்புப் பூனை அட்டை விழுந்தவுடன் முகம் வாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் பல இடங்களில் கறுப்புப் பூனை எதிர்ப்பட்டால் அதிர்ஷ்டம். ஓவியர் எந்த நம்பிக்கையில் வரைந்தார் என்பது படத்தில் தெரியாது, ஆகவே சகுனத்தை அட்டைக்குள் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

நிறத்தை வாசிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தொகுதி முழுக்க ஒரே நிறப் பூனையா? அப்படியானால் நிறம் தொகுதியின் அடையாளம், தனி அட்டைக்கு அதில் பொருள் இல்லை. நிறங்கள் இஷ்டத்துக்கு மாறினால் ஓவியரின் வீட்டுப் பூனைகளாகக்கூட இருக்கலாம், விட்டுவிடுங்கள். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண். அந்த நிறத்தில் ஒரு ராஜாவை வரைந்திருந்தால் ஓவியர் குறும்பு செய்கிறார், அல்லது அவருக்குத் தெரியவில்லை.

8. நம் பழமொழிகளை இப்போது சேருங்கள்

முதல் நாளே இதைச் செய்தால் படத்தைப் பார்க்காமல் பழமொழியைப் பார்ப்போம். அட்டைகள் ஓரளவு கைக்கு வந்த பிறகு செய்தால், பொருள் நினைவில் நிற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வாள் 2-ல் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாள்களைக் குறுக்காகப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். முடிவெடுக்காத நிலை. நமக்கு மதில் மேல் பூனை. கண்கட்டைக் கவனித்தால், பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். வீல் ஆஃப் ஃபார்ச்சூனுக்கு, யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். ஐந்து வாளைத் திருடிக்கொண்டு நழுவும் வாள் 7-க்கு, பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். முன்பு சொன்ன கோல் 9-க்கு, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது.

கட்டாயப்படுத்தி 78 அட்டைக்கும் பழமொழி தேட வேண்டாம். தானாகப் பொருந்துவது போதும். சன், ஸ்டார் எல்லாம் எனக்கு இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.

9. ஒரு அட்டை, அப்புறம் மூன்று அட்டை

இங்கே கிளி ஜோசியப் பழக்கம் குறுக்கே வரும். ஒரு அட்டை எடுத்து, நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எதிர்பார்ப்பது. 'வேலை கிடைக்குமா' என்று கேட்டால் படத்தில் ஆம், இல்லை எழுதியிருக்காது. 'வேலை தேடுவதில் நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன்' என்று கேட்டால் படத்தில் தேடுவதற்கு ஏதாவது இருக்கும். கேள்வியை எழுதிவிட்டுத்தான் அட்டையைக் கலைக்க வேண்டும். எழுதாவிட்டால் விழுந்த அட்டைக்கு ஏற்ற மாதிரி கேள்வி நழுவிவிடும்.

முதலில் தினம் ஒரு அட்டை. கையேடு இல்லாமல் நான்கு வரி எழுதி, அதன் பிறகு கையேட்டைத் திறக்கலாம். திணறாமல் எழுத வந்ததும் மூன்று அட்டைக்குப் போங்கள்: இப்போதைய நிலை, தடுப்பது, அடுத்து எடுக்கக்கூடிய அடி.

ஒரு மாதிரி. வீட்டு ஓனரோடு ஒத்துப்போகவில்லை. வீடு மாறுவதில் என்னைத் தடுப்பது எது என்று கேள்வி. விழுந்தவை வாள் 8, நாணயம் 4, கோல் ராணி என்று வையுங்கள்.

வாள் 8: மூலத்தில் கட்டப்பட்ட பெண், சுற்றி வாள்கள், ஆனால் முன்பக்கம் வேலி இல்லை. பூனைக் கட்டில் ஒரு பூனை இடுக்கான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வால் உடலைச் சுற்றி, காது பக்கவாட்டில். பூனை இடுக்கான இடத்தைத் தானே விரும்பித் தேடிப் போகும் பிராணி. அடைபட்டதா, ஒளிந்ததா? கேட்பவரிடம் இதையே திருப்பிக் கேட்கலாம்.

நாணயம் 4: ஒருவன் காசை மார்போடு அணைத்து, இரண்டை மிதித்துக்கொண்டு, ஒன்றைத் தலைமேல் வைத்திருப்பான். அட்வான்ஸ் தொகை உடனே ஞாபகத்துக்கு வரும், அது சரியான வாசிப்பும்கூட. ஆனால் பூனை காசைச் சேர்க்காது. தன் எல்லையைத்தான் காக்கும். தடுப்பது பணமா, பழகிய தெருவா? பூனைக் கட்டு சேர்க்கும் இரண்டாவது கேள்வி இது. ரைடர் கட்டை வைத்து வாசித்திருந்தால் அட்வான்ஸோடு நின்றிருப்போம்.

கோல் ராணி: வால் நிமிர்ந்து, காது முன்னால், நேர்ப் பார்வை. ஒளியாமல் நேரில் பேசுவது அடுத்த அடி. எப்போது பேசுவது, எவ்வளவு கேட்பது என்பதெல்லாம் அட்டையில் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும்.

10. தலைகீழ் அட்டைகளைத் தள்ளிப்போடுங்கள்

கலைத்து எடுக்கும்போது சில அட்டைகள் தலைகீழாக விழும், அவற்றுக்கு வேறு பொருள் சொல்வது டாரட் வழக்கம். அதைத் தள்ளிப்போடுவது மற்றக் கட்டுகளைவிட இங்கே முக்கியம். பதுங்கி உட்கார்ந்த பூனையின் அட்டை தலைகீழாக விழுந்தால், வயிற்றைக் காட்டிப் படுத்த பூனைபோலக் கண் ஏமாறும். ஹேங்டு மேன் தலைகீழானால் பூனை சாதாரணமாக நிற்பதுபோலத் தெரியும். ஐந்தாம் படியில் பழகியதெல்லாம் குழம்பிவிடும்.

நிமிர்ந்த அட்டையின் உடல்மொழி பார்த்தவுடன் பிடிபடும்வரை எல்லாவற்றையும் நேராகவே வையுங்கள். அதற்குப் பிறகும், தலைகீழாக விழுந்ததை நேராகத் திருப்பி உடலை வாசித்துவிட்டு, மறுபடி கவிழ்த்து, அதே இயல்பு தடைபட்டிருக்கிறதா, மட்டுமீறிப் போகிறதா என்று யோசியுங்கள்.

11. ரைடர் அட்டையை எப்போது எடுத்து வைப்பது, எதைக் கேட்கக் கூடாது

பூனை அட்டையைப் பார்த்தவுடன் அடியிலுள்ள காட்சி தானாக மனதில் வந்தால் ரைடர் கட்டு இனி மேஜைக்குத் தேவையில்லை. மோதும் அட்டைகள் என்று குறித்து வைத்தவற்றுக்கு மட்டும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். அவற்றில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே அட்டைக்கு முன்பு எழுதியதும் இன்று எழுதுவதும் மாறியிருந்தால் இரண்டையும் தேதி போட்டு விட்டுவையுங்கள்.

மருந்து, வழக்கு, முதலீடு பற்றிய கேள்விகளுக்கு அட்டை எடுப்பதில்லை என்று நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூனைக் கட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: 'என் பூனை சரியாகச் சாப்பிடவில்லை, என்ன ஆயிற்று என்று பாரேன்.' பூனைகள் நோவை மறைப்பதில் கெட்டிக்காரர்கள், வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாத பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். கட்டை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.